வீடியோ பார்த்தே கேம் தியரி கற்க முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நீங்கள் பி.காம் படித்தவர், இப்போது ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறீர்கள். கேம் தியரி, அதாவது நம் பலன் மற்றவர்களின் முடிவையும் சார்ந்திருக்கும்போது எப்படி முடிவெடுப்பது என்று பார்க்கும் ஆட்டக் கோட்பாடு. அதில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் பதிவுசெய்த வகுப்பு வீடியோக்களை வேலை முடிந்து வந்து இரவில் ஒவ்வொன்றாகப் பார்த்து, நான்கு மாதத்தில் இருபத்துநான்கையும் முடித்துவிட்டீர்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது. அதே பாடத்தின் தேர்வுத்தாளைத் திறந்தால் முதல் கேள்விக்கே கை ஓடவில்லை. "இது வீடியோவில் கற்கக்கூடிய பாடம்தானா, வகுப்பில் உட்கார்ந்தால்தான் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், "ஒருவேளை எனக்குத்தான் கணக்கு ஏறாதோ" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த வரியில் இருப்பதாக நினைக்கிறேன். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

கணக்கு காரணமல்ல. அதை நடத்தும் பேராசிரியர் பென் போலாக் அந்த வகுப்பில் பயன்படுத்தும் கணக்கு பெரும்பாலும் கூட்டல், பெருக்கல், ஒரே ஒரு மாறி உள்ள சமன்பாட்டைத் தீர்ப்பது, வாய்ப்புகளை வைத்துச் சராசரி எடுப்பது, இவ்வளவுதான். அந்த இருபத்துநான்கில் நான்காம் வகுப்பில் இருவர் கூட்டாகத் தொழில் செய்யும் ஆட்டத்திலும், ஆறாம் வகுப்பில் கூர்னோ போட்டியிலும் (எவ்வளவு உற்பத்தி செய்வது என்று இரண்டு நிறுவனங்கள் போட்டியிடுவது) கொஞ்சம் வகைநுண்கணிதம் வருகிறது. அங்கேயும் ஓர் இருபடிக் கோவையை வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்துவதைத் தாண்டி எதுவும் இல்லை. வணிகக் கணிதத் தாள் எழுதித் தேறிய ஒருவருக்கு இது எட்டாத உயரம் இல்லை. உங்களுக்குக் கை ஓடாததற்குக் காரணம் நீங்கள் பார்த்த முறை. அதைச் சரிசெய்துவிடலாம், அந்த நான்கு மாதமும் வீணாகவில்லை.

இதை நான் எதை வைத்துச் சொல்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கலைக்கல்லூரி ஒன்றில் எம்.ஏ. பொருளியல் மாணவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நுண்பொருளியல் நடத்துகிறேன். நான் எம்.ஏ. படித்தபோது ஆட்டக் கோட்பாடு பாடத்திட்டத்தில் கடைசி அலகு. நேரம் போதவில்லை என்று நடத்தாமலே விட்டுவிட்டார்கள். பிறகு நானே ஜெராக்ஸ் எடுத்த பக்கங்களை வைத்துப் படித்து, அரைகுறையாகப் புரிந்துகொண்டு, அதையே சில ஆண்டுகள் நடத்தவும் செய்தேன். அப்புறம்தான் இந்த யேல் வீடியோக்கள் கிடைத்தன. முதல் முறை நானும் உங்களைப் போலத்தான் தலையாட்டிக்கொண்டே பார்த்து முடித்தேன். இரண்டாம் முறை வேறு மாதிரி பார்த்தேன். அந்த வேறுபாட்டைத்தான் இந்தப் பதிலில் சொல்லப்போகிறேன்.

அந்த வகுப்பு 2007ஆம் ஆண்டில் பதிவானது. முதல் வகுப்பு எப்படித் தொடங்குகிறது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எதையும் கற்பிப்பதற்கு முன்பே மாணவர்கள் கையில் ஒரு தாள் போய்விடுகிறது. ஆல்பா அல்லது பீட்டா, இரண்டில் ஒன்றை எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது. யாரோ ஒருவருடன் உங்களை ஜோடி சேர்ப்பார்கள், அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஆல்பா, அவர் பீட்டா என்றால் உங்களுக்கு ஏ, அவருக்கு சி. இருவரும் ஆல்பா என்றால் இருவருக்கும் பி மைனஸ். இருவரும் பீட்டா என்றால் இருவருக்கும் பி பிளஸ். எழுதிக் கொடுத்த பிறகுதான் பாடமே ஆரம்பிக்கிறது. அந்த அரங்கில் இருந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த முடிவு சரியா என்ற பதைப்போடு மீதி நேரத்தைக் கேட்டார்கள். நீங்கள் அவர்கள் எழுதுவதைப் பார்த்தீர்கள், எழுதவில்லை. வீடியோவில் முதலில் தொலைந்துபோவது இதுதான். இந்தப் பாடத்தில் அது மிக முக்கியமானது.

பதில் தெரிந்த பிறகு எந்த ஆட்டமும் எளிமையாகத்தான் தெரியும். ஆல்பா எழுதினால் எதிராளி எதை எழுதினாலும் எனக்குக் கூடுதல் மதிப்பெண், ஆகவே பீட்டா மட்டமான உத்தி என்று அவர் விளக்கும்போது, "ஆமாம், நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று மனம் சொல்லும். நினைத்திருக்க மாட்டீர்கள். குறைந்தபட்சம், நினைத்தீர்களா என்று சரிபார்க்க உங்களிடம் ஒரு துண்டுத்தாளும் இல்லை. அதனால் நான் சொல்லும் முதல் வேலை: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அவர் ஆட்டத்தின் விதிகளைச் சொல்லி முடித்த நொடியில் வீடியோவை நிறுத்துங்கள். உங்கள் தேர்வையும், அதற்கான காரணத்தை ஒரே வரியிலும் பேனாவால் எழுதுங்கள். பென்சில் வேண்டாம். அழிக்க முடியாமல் இருக்க வேண்டும். பிறகு ஓடவிடுங்கள்.

அதே முதல் வகுப்பின் இறுதியில் இன்னொரு ஆட்டம் உண்டு. 1 முதல் 100 வரை ஓர் எண்ணை எழுத வேண்டும், மொத்த வகுப்பின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிக அருகில் எழுதியவருக்கு வெற்றி. முடிவு அடுத்த வகுப்பில் வரும்: சராசரி 13.33, மூன்றில் இரண்டு பங்கு ஏறத்தாழ 9. இந்த முடிவை ஏற்கெனவே பார்த்துவிட்டதால் நீங்கள் இனி இதைப் புதிதாக ஆட முடியாது. ஆனால் எண்ணைத் தாண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் முழுப் பகுத்தறிவோடு சிந்தித்து, எல்லோரும் அப்படிச் சிந்திப்பார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், மூன்றில் இரண்டு பங்கு, அதிலும் மூன்றில் இரண்டு பங்கு என்று இறங்கிக்கொண்டே போய் விடை 1. அங்கே 1 எழுதியவர் தோற்றார். கோட்பாடு தப்பா? இல்லை. 'எல்லோருக்கும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும்' என்ற நிபந்தனை அந்த அறையில் நிறைவேறவில்லை. நிபந்தனை எங்கே உடைந்தது என்று உங்கள் சொந்த வார்த்தையில் அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். தேர்வுத்தாளில் நீங்கள் சிக்கிய இடத்துக்கு இது நேரடியாக உதவும். அங்கே கேட்கப்படுவது பெரும்பாலும் 'எந்த நிபந்தனையில் இது நடக்கும்' என்பதுதான்.

நான்காம் வகுப்பில் பெனால்டி உதை வரும். உதைப்பவர் இடம், நடு, வலம் என மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கோல்கீப்பர் இடமோ வலமோ பாய்வார். பாய்ந்த பக்கமே பந்து வந்தால் கோல் விழும் வாய்ப்பு பத்துக்கு 4, எதிர்ப்பக்கம் வந்தால் 9, நடுவில் உதைத்தால் எப்படியானாலும் 6. இங்கே நிறுத்துங்கள். கோல்கீப்பர் இடப்பக்கம் பாயும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வையுங்கள். இடமோ வலமோ உதைத்தால் சராசரி 6.5. நடுவில் 6. பாதியிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இடம், வலம் இரண்டில் ஒன்று 6.5க்கு மேலே போகும். ஆக, கோல்கீப்பரைப் பற்றி நீங்கள் என்ன நம்பினாலும் நடுவில் உதைப்பது சிறந்த பதிலாக வராது. ஆனால் கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாய்ந்தாலும் நடுவைவிட மேலாக இருக்கும் ஒற்றை உத்தி எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். அதனால் மட்டமான உத்தியை வெட்டியெறியும் முந்தைய வகுப்புகளின் கத்தி இங்கே வெட்டாது, புதிய கத்தி வேண்டியிருக்கிறது. இதை வரைபடமாக உங்கள் கையால் ஒருமுறை போட்டுவிட்டால் 'சிறந்த பதில்' என்ற சொல் ஆயுளுக்கும் மறக்காது. அவர் கரும்பலகையில் போடுவதைப் பார்த்தால் ஒரு வாரம் நினைவிருக்கும்.

இனி, நீங்கள் உண்மையில் வழுக்கிய இடம் எது என்று ஊகிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு. என் மாணவர்களில் பாதிப்பேர் அங்கேதான் கைவிடுவார்கள், ஆனால் கைவிட்டதே அவர்களுக்குத் தெரியாது. அது கலப்பு உத்தி, அதாவது ஒரே செயலைச் செய்யாமல் குறிப்பிட்ட விகிதத்தில் மாற்றி மாற்றிச் செய்வது. அவர் சொல்லும் உதாரணம் டென்னிஸ். செரீனா வில்லியம்ஸ் வலைக்கு அருகில் வந்துவிட்டார். வீனஸ் அவரைத் தாண்டிப் பந்தை அடிக்க வேண்டும், அவருக்கு இடப்பக்கமாக அல்லது வலப்பக்கமாக. பந்து வந்த பிறகு யோசிக்க நேரமில்லை, ஆகவே செரீனாவும் முன்கூட்டியே ஒரு பக்கம் சாய வேண்டும். இருவரும் இடம் என்றால் வீனஸ் நூற்றுக்கு 50 முறை புள்ளி எடுப்பார். அவர் இடம் அடித்து செரீனா வலம் சாய்ந்தால் 80. அவர் வலம் அடித்து செரீனா இடம் சாய்ந்தால் 90. இருவரும் வலம் என்றால் 20.

செரீனா இடப்பக்கம் சாயும் வாய்ப்பு எவ்வளவு? அதை 'ச' என்று வைப்போம். மனம் உடனே செரீனாவின் லாபத்தைத்தான் பார்க்கச் சொல்லும். அது தவறான கதவு. செரீனாவின் விகிதத்தைக் கண்டுபிடிக்க வீனஸின் எண்களை எடுக்க வேண்டும். வீனஸுக்கு இரண்டு பக்கமும் ஒரே பலனைத் தந்தால்தான் அவர் இரண்டையும் கலந்து ஆடுவார். ஒரு பக்கம் சற்றே மேலானது என்றால் எப்போதும் அதையே அடித்துவிடுவார். ஆகவே 50ச + 80(1−ச) = 90ச + 20(1−ச). இதைச் சுருக்கினால் 80 − 30ச = 20 + 70ச, அதாவது ச = 0.6. இதே மாதிரி செரீனாவின் எண்களை எடுத்து வீனஸின் விகிதத்தைக் கண்டால், அவர் இடப்பக்கம் அடிப்பது 0.7. இதுவரை கணக்கு. இதை எல்லோரும் போட்டுவிடுவார்கள்.

அடுத்து அவர் கேட்கும் கேள்விதான் பாடம். செரீனா ஒரு பயிற்சியாளரை வைத்துத் தன் இடப்பக்கத்தைச் சரிசெய்துகொள்கிறார். இருவரும் இடம் என்றால் வீனஸ் ஜெயிப்பது இனி 50 அல்ல, 30தான். இப்போது செரீனா இடப்பக்கம் முன்பைவிட அதிகமாகச் சாய்வாரா, குறைவாகவா? நிறுத்துங்கள். எழுதுங்கள். என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதைக் கேட்கிறேன், ஒவ்வோர் ஆண்டும் பெரும்பாலான கைகள் 'அதிகமாக' என்பதற்குத்தான் உயரும். இடப்பக்கம் பலமாகிவிட்டது, அப்படியானால் அங்கே சாய்வதுதானே நல்லது? சமன்பாட்டில் 50ஐ 30 ஆக மாற்றிப் பாருங்கள்: 80 − 50ச = 20 + 70ச, ச = 0.5. குறைகிறது. காரணம், செரீனாவின் இடப்பக்கம் பலமானது வீனஸுக்கும் தெரியும். அவர் அங்கே அடிப்பதை 0.7இலிருந்து 12இல் 7 பங்காக, அதாவது ஏறத்தாழ 0.58ஆகக் குறைத்துக்கொள்கிறார். முன்பைவிடக் குறைவாகப் பந்து வரும் பக்கத்தில் அத்தனை முறை சாய்ந்துகொண்டிருக்க செரீனாவுக்குத் தேவை இல்லை. பயிற்சிக்கான பலன் வேறு இடத்தில் வருகிறது. வீனஸ் ஜெயிக்கும் வாய்ப்பு 62லிருந்து 55ஆக இறங்குகிறது. வலப்பக்கம் ஒரு எண்கூட மாறவில்லை, ஆனால் செரீனா அந்தப் பக்கத்தையும் நன்றாகக் காக்கத் தொடங்கிவிட்டார்.

இந்த ஓர் இடத்தை நீங்கள் நிறுத்தி, தவறாக எழுதி, உங்கள் தவறைக் கண்ணால் பார்த்திருந்தால் தேர்வுத்தாளில் கை ஓடியிருக்கும். தவறு செய்யாமல் இந்தப் பாடத்தைக் கற்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை. வீடியோ நம் தவறை நம்மிடமிருந்தே மறைத்துவிடுகிறது, ஏனென்றால் நாம் வாய் திறப்பதற்கு முன்பே அரங்கில் யாரோ ஒருவர் நமக்காகத் தவறான பதிலைச் சொல்லிவிடுகிறார்.

பதின்மூன்றாம் வகுப்பிலிருந்து ஆட்டத்தின் முகம் மாறும். ஒருவர் செய்த பிறகு மற்றவர் செய்யும் ஆட்டங்கள், பின்னாலிருந்து முன்னால் யோசிக்கும் முறை. பசித்த சிங்கங்களின் புதிர் அங்கே வரும். தலைமைச் சிங்கம் மட்டும்தான் ஆட்டைத் தின்னலாம். தின்றால் தூங்கிவிடும், தூங்கும் சிங்கத்தை அடுத்த சிங்கம் தின்னலாம், இப்படியே போகும். ஒரே சிங்கம் என்றால் தின்னும், இரண்டு என்றால் தின்னாது, மூன்று என்றால் தின்னும். இந்த வகுப்புகளை நீங்கள் சிரமமில்லாமல் கடந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், இவை கதை மாதிரி ஓடும். பதினெட்டாம் வகுப்பில் 'எதிராளி என்ன செய்தார் என்று தெரியாமல் நான் முடிவெடுக்கிறேன்' என்பதை வரைபடத்தில் காட்டும் இடத்தில் மட்டும் மெதுவாகப் போங்கள்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். வரலாற்று வகுப்புக்கு அது சரிவரலாம். இங்கே அவர் கரும்பலகைக்குத் திரும்பி எழுதும் அந்த இருபது நொடிதான் நீங்கள் யோசிக்க வேண்டிய நேரம். ஒவ்வொரு வகுப்பும் ஏறத்தாழ எழுபத்தைந்து நிமிடம். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும், வாரத்துக்கு ஒன்று போதும். அவருடைய பிரிட்டிஷ் உச்சரிப்பு பிடிபடாத இடங்களில் யேல் தளத்தில் வகுப்பு முழுவதும் எழுத்து வடிவில் இருக்கிறது. வீட்டுக்கணக்குகளும் அவற்றின் விடைகளும் அங்கேயே உண்டு. வகுப்பைப் பார்த்த மறுநாள் வீட்டுக்கணக்கு, அதற்கு மறுநாள் விடை. இந்த இடைவெளி ஒரு நாளாவது இருக்கட்டும்.

வேறு பதிவுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மேத்யூ ஜாக்சனும் யோவ் ஷோஹாமும், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கெவின் லேட்டன்-பிரவுனும் சேர்ந்து கோர்ஸெரா என்ற இணையப் பாடத் தளத்தில் நடத்தும் பாடம் சிறு சிறு துண்டுகளாக இருக்கும், இடையிடையே கேள்விகள் வரும். உங்கள் நிலைமைக்கு அது நல்ல துணை. வரையறைகள் போலாக்கைவிட அங்கே கறாராக இருக்கும். வில்லியம் ஸ்பேனியலின் யூடியூப் தொடர் ஒரு கருத்துக்கு ஒரு வீடியோ என்று போகும், சிக்கிய இடத்தில் மட்டும் எடுத்துப் பாருங்கள். டிம் ரஃப்கார்டன் 2013இல் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய வகுப்புகள் கணினி அறிவியல் மாணவர்களுக்கானவை, இப்போது வேண்டாம். நம் ஊரிலேயே ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் பாடங்கள் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இருக்கின்றன. அவற்றில் கணிதம் கூடிய பாடங்களுக்கு, யேல் பாடத்தை ஒழுங்காக முடித்த பிறகு போங்கள். என்பிடெலில் எனக்குப் பிடித்தது அதன் வாராந்திரக் கணக்குகளும் அவற்றுக்கான கடைசித் தேதியும். தனியாகப் படிப்பவருக்குக் கடைசித் தேதி பெரிய உதவி. பாடம் இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம்.

வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அவற்றிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவாக இருக்க வேண்டும். பிபிசி ரேடியோ 4இல் மெல்வின் பிராக் 2012இல் நடத்திய உரையாடல் ஒன்று உண்டு. பேருந்தில் போகும்போது கேட்கலாம். கணிதவியலாளர் ஃபான் நாய்மனிடமிருந்து இன்னொரு கணிதவியலாளரான ஜான் நாஷுக்கு இந்த எண்ணம் எப்படி வந்து சேர்ந்தது என்ற வரலாறு காதில் நன்றாக ஏறும். பலன் அட்டவணை காதில் ஏறாது. நான்கு கட்டத்தில் எட்டு எண்களைக் கேட்டே நினைவில் வைக்க முடியாது, முயன்று சோர்ந்துபோக வேண்டாம். நோபல் பரிசு பெற்றவர்களின் உரைகளும் பதிவாகக் கிடைக்கின்றன. 2005இல் ராபர்ட் ஆமனும் தாமஸ் ஷெல்லிங்கும் ஆற்றிய உரைகளை என் மாணவர்களுக்குப் பாடம் முடிந்த பிறகே போட்டுக் காட்டுகிறேன். போரையும் அமைதியையும் பற்றி ஆமன் பேசுவது, திரும்பத் திரும்ப ஆடும் ஆட்டங்களைப் படித்து முடித்தவருக்கு வேறு ஆழத்தில் கேட்கும்.

பிரிட்டனில் 2007 முதல் 2009 வரை ஐடிவியில் வந்த 'கோல்டன் பால்ஸ்' நிகழ்ச்சியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசிச் சுற்றில் இரண்டு பேர். ஒவ்வொருவரிடமும் இரண்டு பந்து: 'பகிர்', 'திருடு'. இருவரும் பகிர்ந்தால் ஆளுக்குப் பாதி. ஒருவர் திருடினால் அவருக்கே முழுத் தொகை. இருவரும் திருடினால் இருவருக்கும் ஒன்றுமில்லை. இணையத்தில் பாதி வீடியோக்கள் இதைக் கைதிகளின் இக்கட்டு (தனித்தனியாக விசாரிக்கப்படும் இரண்டு கைதிகள், மற்றவரைக் காட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் ஆட்டம்) என்று அறிமுகப்படுத்துகின்றன. கட்டத்தை வரைந்து பாருங்கள், சரியாகப் பொருந்தாது. கைதிகளின் இக்கட்டில் எதிராளி காட்டிக்கொடுத்தால் நானும் காட்டிக்கொடுப்பது எனக்குக் கண்டிப்பாக நல்லது. இங்கே எதிராளி திருடிவிட்டால் நான் பகிர்ந்தாலும் பூஜ்யம், திருடினாலும் பூஜ்யம். இந்தச் சின்ன வேறுபாட்டில்தான் அந்த நிகழ்ச்சியின் மிகப் புகழ்பெற்ற ஆட்டம் நடந்தது. 13,600 பவுண்டுக்கு நடந்த அந்தச் சுற்றில் ஒருவர், "நான் நூறு சதவீதம் திருடத்தான் போகிறேன், நீங்கள் பகிருங்கள், வெளியே போய் உங்களுக்குப் பாதி தருகிறேன்" என்று அடித்துச் சொல்கிறார். மற்றவர் கோபப்படுகிறார், கெஞ்சுகிறார், அவர் அசையவில்லை. இந்த இடத்தில் நிறுத்துங்கள். அவர் சொல்வதை நம்பினால் எதிராளிக்குத் திருடுவதில் என்ன லாபம்? ஒன்றுமில்லை. பகிர்ந்தால் வெளியே போய்க் கிடைக்கும் என்ற நம்பிக்கையாவது மிஞ்சும். எதிராளி பகிர்கிறார். திருடுவேன் என்றவர் தன் பந்தைத் திறந்தால் அதிலும் 'பகிர்'. இந்த ஐந்தாறு நிமிடத்தை நோட்டும் பேனாவுமாகப் பார்ப்பது ஒரு முழு வகுப்புக்குச் சமம்.

உறுதியானது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும், ஏனென்றால் நிகழ்ச்சிகள் இரண்டையும் ஒரே குரலில் சொல்லிவிடுகின்றன. உறுதியானது கணிதம். முடிவுள்ள எந்த ஆட்டத்திலும், கலப்பையும் சேர்த்துக்கொண்டால், குறைந்தது ஒரு நாஷ் சமநிலை (மற்றவர்கள் மாறாதபோது தான் மட்டும் மாறி யாரும் லாபம் பார்க்க முடியாத நிலை) இருக்கும் என்பது நிரூபணம், அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. நாஷின் வாழ்க்கையை வைத்து 2001இல் வந்த ஹாலிவுட் படத்தின் மதுக்கடைக் காட்சியில், நண்பர்கள் எல்லோரும் அந்த அழகிய பெண்ணை விட்டுவிட்டு அவளுடைய தோழிகளிடம் போவதுதான் விடை என்பதுபோல் காட்டுவார்கள். அது நாஷ் சமநிலை அல்ல என்பதும் உறுதி. மற்றவர்கள் அப்படிப் போய்விட்டால், ஒருவன் மட்டும் திரும்பி அவளிடம் போவது அவனுக்கு லாபம்தானே.

மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்களா என்பதுதான் சந்தேகத்துக்குரிய பகுதி. 'கோல்டன் பால்ஸ்' போட்டியாளர்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், பகிர்ந்தவர்கள் 53 சதவீதம். பெரிய தொகைகள் புழங்கிய நிகழ்ச்சியிலும், மொத்தமாகப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவர்கள் பகிர்ந்திருக்கிறார்கள். பணத்தை மட்டும் பலனாக எழுதினால் இதை விளக்க முடியாது. மானம், குற்ற உணர்வு, ஊரே பார்க்கிறது என்ற கூச்சம், இவற்றையும் கட்டத்துக்குள் எழுத வேண்டும். எவ்வளவு எழுதுவது என்பதற்குக் கோட்பாடு பதில் சொல்லாது. மறுபக்கம், விம்பிள்டன் உள்ளிட்ட பெரிய டென்னிஸ் போட்டிகளின் சர்வ்களை மார்க் வாக்கரும் ஜான் வுடர்ஸும் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டதில், இரண்டு பக்கமும் சர்வ் செய்து ஜெயிக்கும் விகிதம் கோட்பாடு சொன்னபடி ஏறத்தாழ சமமாகவே இருந்தது. ஆனால் வீரர்கள் பக்கத்தை மாற்றியது, உண்மையான தற்செயலைவிடக் கொஞ்சம் அடிக்கடி. ஆயுள் முழுவதும் அதையே செய்பவர்களிடம் கோட்பாடு நெருங்கி வருகிறது என்றுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கைதிகளின் இக்கட்டைத் திரும்பத் திரும்ப ஆடும் கணினி நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்ட ராபர்ட் ஆக்சல்ராடின் போட்டிகளைப் பற்றிய நிகழ்ச்சிகளிலும் இதே கவனம் வேண்டும். 1986இல் பிபிசியில் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் அதை அழகாகச் சொன்னார், இன்றும் யூடியூபில் பலர் சொல்கிறார்கள். அனட்டோல் ராப்பபோர்ட் அனுப்பிய 'அவன் செய்ததை நான் செய்வேன்' என்ற எளிய உத்தி இரண்டு போட்டிகளிலும் ஜெயித்தது, உண்மை. எப்போதும் எங்கேயும் அதுவே சிறந்த உத்தி என்பது நிரூபணமானது அல்ல. தனக்கு எதிரே இருப்பவரை அந்த உத்தியால் ஒருமுறைகூட முந்த முடியாது. மொத்தக் கூட்டத்தில் சேர்ந்த புள்ளிகளால்தான் அது ஜெயித்தது. கூட்டம் மாறினால் முடிவும் மாறலாம். நிகழ்ச்சி பார்த்து மனம் நெகிழ்ந்த பிறகு இதையும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

என் பதிலின் எல்லையையும் சொல்கிறேன். நான் பார்த்ததெல்லாம் பொருளியல் மாணவர்களை. ஏலங்களை வடிவமைப்பது, கணினி வலையமைப்புகள் போன்றவற்றுக்காக இதைக் கற்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை பொருந்தாமல் போகலாம். கூட்டணி சேர்ந்து பங்கு பிரிக்கும் ஆட்டங்கள், ஷாப்லி மதிப்பு (அவரவர் பங்களிப்பை வைத்துப் பங்கைக் கணக்கிடும் முறை) போன்றவை யேல் பாடத்தில் இல்லை, அதற்கு நீங்கள் கோர்ஸெரா பாடத்தின் கடைசிப் பாடப் பகுதிக்குத்தான் போக வேண்டும். நிறுத்தி எழுதும் முறை எல்லோருக்கும் பலிக்கும் என்று எந்த ஆய்வையும் காட்டி நான் சொல்லவில்லை. எனக்கும், என்னிடம் படித்த பலருக்கும் பலித்தது.

கடைசியாக ஒன்று. வீடியோவில் கிடைக்கவே கிடைக்காதது எதிராளி. நோட்டு பாதி வேலையைத்தான் செய்யும். உங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காரும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள் இல்லையா, அவர்களிடம் ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து அந்த மூன்றில் இரண்டு பங்கு ஆட்டத்தை ஆடச் சொல்லுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம், விதியை மட்டும் சொல்லுங்கள். ஜெயிப்பவருக்கு மாலை டீ உங்கள் கணக்கு. அவர்கள் எழுதுவதற்கு முன்பே, சராசரி எவ்வளவு வரும் என்று நீங்கள் உங்கள் நோட்டில் எழுதிவிட வேண்டும். மறுநாள் அதே ஆட்களோடு இரண்டாம் சுற்று, அதற்கும் முன்கூட்டியே ஓர் எண். இரண்டு நாளும் உங்கள் எண்ணுக்கும் அவர்களுடைய எண்ணுக்கும் எவ்வளவு தூரம் இருந்தது என்று பார்த்துவிட்டு, அன்றிரவு ஒன்பதாம் வகுப்பை முதலிலிருந்து போடுங்கள். டென்னிஸ் கணக்கில் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று இங்கேயே பதில் போடுங்கள், பார்க்கிறேன்.